கம்பளிப்பூச்சியைக் கேட்டு வாங்கிய ஸ்பீக்கர்

எங்கள் வீட்டுக்கு ஸ்பீக்கர் வந்தது தொண்ணூற்று நான்காம் வருடம், ஆனி மாதத்தில். அம்மா தொண்ணூற்று மூன்று என்பாள். அப்பா இருந்தவரை, எப்போது கேட்டாலும் "அதெல்லாம் இப்போ எதுக்கு" என்று முடித்துக்கொள்வார். என் கணக்குக்கு ஆதாரம் உண்டு. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மாதத்துக்கும் ஆதாரம் உண்டு. அன்று கடை ரேடியோவில் ஒருவர் நிலக்கடலையில் வரும் சிவப்புக் கம்பளிப்பூச்சியைப் பற்றிப் பேசினார். எங்கள் பக்கத்தில் முதல் மழை விழுந்து மானாவாரிக் கடலை தலைகாட்டும்போதுதான் அந்தப் பூச்சிக்கு வேலை. குடும்ப வரலாற்றுக்குக் கம்பளிப்பூச்சியை வைத்துத் தேதி குறிப்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் அந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்ததே அந்தப் பூச்சியை வைத்துத்தான் என்பதால் எனக்கு வேறு வழியில்லை.

முதலில் வந்தது ரிசீவர். அப்பாவுக்கு வேங்கிக்காலில் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க் வேலை. கூட வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, சாமானைக் குறைப்பதற்காக, தன் மச்சினன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ரிசீவரை அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனார். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சாதனம் அது. வெள்ளி நிற முகம், விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு திரும்பும் குமிழ்கள், நடுவில் ஒரு கண்ணாடிப் பட்டை, அதற்குப் பின்னால் நீல விளக்கு. ஒரே குறை, அதற்கு வாய் இல்லை. அதோடு இருந்த ஸ்பீக்கர்களை அந்த நண்பர் வீட்டு எலிகள் தின்றுவிட்டிருந்தன.

அதனால் கொஞ்ச காலம் அதை நாங்கள் கேட்கவில்லை, பார்த்தோம். சாயங்காலம் அப்பா சுவிட்சைப் போடுவார். நீல வெளிச்சம் வரும். குமிழைத் திருப்பினால் சிவப்பு முள் எண்களின் மேல் ஊர்ந்து போகும். சென்னை இங்கே இருக்கும், புதுச்சேரி இங்கே இருக்கும் என்று அப்பா விரல் வைத்துக் காட்டுவார். சென்னையும் புதுச்சேரியும் பேசாமல் இருக்கும். பிறகு அணைத்துவிட்டுத் துண்டைப் போர்த்தி மூடிவிடுவோம்.

எங்கள் வீட்டின் அன்றைய நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஊரில் இருந்த நிலத்துக் கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்பதில் தொடங்கிய பேச்சு, வீட்டின் நடுவில் சுவர் வைப்பதில் முடிந்திருந்தது. நீளமான கூடம் இரண்டாகியது. கொத்தனார் நூல் பிடித்துப் பார்த்தபோது மின்விசிறி சரியாக நடுக்கோட்டில் தொங்கியது. எந்தப் பக்கமும் சேராமல் அதைக் கழற்றிப் பரண்மேல் போட்டார்கள். இரண்டு வீட்டிலும் அந்தக் கோடையில் வியர்த்துக் கொட்டியது. சுவர் ஒற்றைக்கல் சுவர்தான், ஒரு செங்கல் கனம். அவசரத்தில் எழுப்பியது. இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் சுண்ணாம்பு உதிரும்.

சுவர் எழுந்த அன்று பெரியப்பா, அந்த வீட்டு ஆட்கள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது, பேச்சுவார்த்தை கூடாது என்றார். அப்பாவும் அதையே திருப்பிச் சொன்னார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே மாதிரி சொற்களைத்தான் எப்போதும் பயன்படுத்துவார்கள். பெரியப்பா மகள், என் அக்கா, நான் படித்த பள்ளியிலேயே எட்டாம் வகுப்பு படித்தாள். நாங்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, தெருவின் ஆளுக்கொரு ஓரமாக ஒரே பள்ளிக்குப் போனோம்.

இதில் எதிலும் சம்பந்தப்படாமல் மாட்டிக்கொண்டவர்கள் அம்மாவும் பெரியம்மாவும். ஓரகத்திகள் என்றாலும் சேர்ந்தே இருந்தவர்கள். பாகம் பிரித்தபோது ரேடியோ எங்களுக்கும் கிரைண்டர் அவர்களுக்கும் வந்தது. அதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கிரைண்டரை நிறுத்திவிட்டு இருவரும் ரேடியோ நாடகம் கேட்பார்கள். கேட்பார்கள் என்பதைவிட, நாடகத்தில் வருகிறவர்களோடு சண்டை போடுவார்கள் என்பது சரியாக இருக்கும். "அவன நம்பாதடி"ன்னு பெரியம்மா ரேடியோவைப் பார்த்துச் சொல்வாள். "நம்பிட்டாளே, இன்னாக்கா பண்றது" என்பாள் அம்மா. சுவர் வந்த பிறகு ரேடியோ எங்கள் பக்கம் தனியாகப் பேசியது, கொஞ்ச நாளில் அதுவும் ரிப்பேராகிக் கிடந்தது.

அந்த வருடம் சித்திரையில் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். புத்தூர்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்து படுக்க வைத்தார்கள். அசையக் கூடாது. கட்டில் போட்ட இடம் பாதிக் கூடத்தில், சுவரை ஒட்டி. அவள் இருமினால் எங்களுக்குக் கேட்கும். தண்ணீர் கேட்டால் கேட்கும். அம்மா இந்தப் பக்கம் செம்பைத் தூக்கிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து கீழே வைப்பாள். போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று அப்பாவை ஒரு தடவை கேட்டாள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா மறுபடி கேட்கவில்லை.

ஸ்பீக்கர் விஷயத்தில் அம்மாவுக்கு வேண்டியிருந்தது என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தான் போட்டுக் கேட்பது சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் பெரியம்மாவுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வாசலை மிதிக்கவில்லை, பேசவும் இல்லை. ரேடியோ பேசினால் அது யார் குற்றம்? பெரியப்பா ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று வளர்ந்த பிறகு நான் அம்மாவிடம் கேட்டேன். "அவங்க தனியா கேக்கறதுக்கா? நான் கேக்கறத அவங்களும் கேக்கணும்"னு சொன்னாள். இந்த விளக்கம் எனக்குக் கிடைத்தது பல வருடங்கள் கழித்து. ஐந்தாம் வகுப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம், கடைக்குப் போகிற பழக்கமே இல்லாத அம்மா ஸ்பீக்கர் கடைக்கு நானும் வருவேன் என்று புடவை மாற்றிக்கொண்டு நின்றதுதான்.

இனி மாமா. அம்மாவின் தம்பி. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம். உறவில் யார் வீட்டில் எந்தக் கருவி வாங்கினாலும் அதற்கு முன் மாமாவின் ஒப்புதல் வேண்டும், அல்லது வேண்டும் என்று மாமா நினைத்தார். ரிசீவரின் பின்பக்கத்தைத் திருப்பி, அங்கே எழுதியிருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "எட்டு ஓம்ஸ் மாமா. நாலு ஓம்ஸ் பொட்டி மாட்டனீங்கன்னா சூடாயி பொகஞ்சிடும்"னு அப்பாவிடம் சொன்னார். அப்பா மரியாதையாகத் தலையாட்டினார். ஓம்ஸ் என்றால் என்ன என்று கேட்க எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை.

ரிசீவரையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது மாமாவின் விதி. "பொண்ண வெச்சுக்கினுதான் மாப்ளய பாக்கணும்"னார். ரிசீவரைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் அப்பா மடியில் வைத்துக்கொண்டார். மாமா டிரைவர் பக்கத்தில் பாதி வெளியே. நானும் அம்மாவும் இடுக்கில். அது பௌர்ணமியை ஒட்டிய நாளாக இருந்திருக்க முடியாது என்றும் என்னால் சொல்ல முடியும். இருந்திருந்தால் கிரிவலக் கூட்டத்தில் அந்த ஆட்டோ சின்னக்கடைத் தெரு வரை போயிருக்காது.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். வெளியூரிலிருந்து ஸ்பீக்கர்களைத் தருவித்து, பிளைவுட் பெட்டிகளைத் தானே செய்து, உள்ளே பஞ்சு அடைத்து, முகத்துக்குக் கறுப்புத் துணி கட்டி விற்பவர். கடை முழுக்கப் பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக, கல்யாணப் போட்டோவுக்கு நிற்கிற குடும்பம் மாதிரி, பெரியவை பின்னால், சிறியவை முன்னால். பின்பக்கம் ஒரு கதவு, அதற்கப்பால் சரக்கு வைக்கும் அறை.

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். கடையில் இருக்கும் கேசட்டை நம்பக் கூடாதாம். கடைக்காரர்கள் தங்கள் பெட்டிக்குப் பொருந்துகிற பாட்டைத்தான் போடுவார்களாம். அது மாமா தானே டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தது. பாட்டு இல்லை. குக்கர் விசில், சைக்கிள் மணி, தேங்காய் உடைக்கிற சத்தம், கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்புகிற சத்தம், கடைசியில் அவர்கள் வீட்டு மாடு. நமக்கு நன்றாகத் தெரிந்த சத்தம் எந்தப் பெட்டியில் அசலாக வருகிறதோ அதுதான் நல்ல பெட்டி என்பது அவருடைய கொள்கை. இன்று யோசித்தால் அதில் தப்பே இல்லை. அன்று பாய் முகத்தைப் பார்த்தால் அவர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

"தம்பி, மாட்டுக்கு ஸ்பீக்கர் வாங்க வந்தீங்களா, மனுசனுக்கா?" என்றார்.

"போடுங்க பாய், நீங்க போடுங்க."

பாய் தன் கேசட் பிளேயரை எங்கள் ரிசீவரோடு இணைத்துப் போட்டார். மூன்று ஸ்பீக்கர் வைத்த உயரமான பெட்டி. குக்கர் விசில் அடித்தபோது தெருவில் போன ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். பஸ் கிளம்பியபோது என் காலுக்கடியில் தரை அதிர்ந்தது. மாடு கத்தியதும் மாமா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் நீல விளக்குப் பெட்டிக்கு ஒருவழியாக வாய் வந்துவிட்டது.

"பாஸ் பாருங்க மாமா, அடிச்சத்தம் எப்டி அதிருது! இதான். இத வுட்டா வேற இல்ல"ன்னார் மாமா.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவைக் காணவில்லை.

தலை வலிக்கிறது, உள்ளே உட்காருகிறேன் என்று அவள் சரக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "பாய், ரேடியோ போடுங்க. யாராச்சும் பேசற மாதிரி. நியூஸ் எதுனா இருந்தா போடுங்க."

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, ஸ்பீக்கர் வாங்க வந்து எவனாச்சும் நியூஸ் கேப்பானா? வெளிய வா, மானத்த வாங்காத."

"நீ மாடு கேட்டியே, நான் எதுனா சொன்னனா?" என்றது கதவு.

பாய் சிரித்துக்கொண்டே ரேடியோவுக்கு மாற்றி முள்ளை நகர்த்தினார். நியூஸ் நேரமில்லை. கிடைத்தது விவசாய நிகழ்ச்சி. விவசாய அதிகாரி ஒருவர் நிதானமாக, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டிருந்தார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். உயரமான பெட்டியில் அவர் குரல் தங்கம் மாதிரி வந்தது. கடையில் நின்ற எங்களுக்கு.

"இன்னா சொல்றாருன்னு தெரியல. டம்டம்னு ஒரு ஆம்பள கொரல், அவ்ளோதான்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"கதவச் சாத்திக்கினு ஒக்காந்தா எப்டிக்கா தெரியும்!"

"அடுத்தது போடுங்க பாய்."

பாய் ஒயரை மாற்றி மாற்றிச் செருகினார். குமிழைத் திருப்பியபடி, சத்தம் ஜாஸ்தி, சத்தம் கம்மி என்று தானே சொல்லிக்கொண்டார். நடுத்தரப் பெட்டிகள், குட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் கதவுக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது. இதில் இரைச்சல். இதில் கிணற்றுக்குள் பேசுவதுபோல் இருக்கிறது. இதில் ஒரு சொல் விட்டு ஒரு சொல்தான் கேட்கிறது. வேறு பெட்டி பார்க்க வந்திருந்த இரண்டு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

கடைசியில் பாய், மேல் தட்டிலிருந்து இரண்டு பழைய மாதிரிப் பெட்டிகளை இறக்கினார். உள்ளே ஒரே ஒரு ஸ்பீக்கர், அகலமான காகிதக் கோன். கீச்சுச் சத்தத்துக்குத் தனி டிவீட்டர் கிடையாது, அடிச்சத்தத்துக்குப் பாஸ் கிடையாது. கோயில் திருவிழாவுக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்கு விடுகிறவர்கள் கேட்டு வாங்குவதாம். வீட்டுக்கு யாரும் எடுப்பதில்லையாம். அதில் விவசாய அதிகாரி மூக்கடைத்தவர்போல் பேசினார். மாமா வாயைத் திறக்கும் முன் அம்மாவின் குரல் வந்தது. அவள் எங்களிடம் பேசவில்லை, கேட்டதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"செவப்புக் கம்பளிப்பூச்சி... மொத மழ பேஞ்ச ஒடனே வெளக்குப் பொறி வெக்கணுமாம்... வரப்ப சுத்தி தட்டப்பயிறு போடணுமாம்..."

ஒரு சொல் தப்பாமல் சொன்னாள். வேடிக்கை பார்த்த இருவரில் ஒருவர், கடலை போட்டிருப்பார்போல, "ஆமா, அது கரெக்ட்டுதான்" என்றார்.

"இதயே எடுத்துக்கலாம்" என்றாள் அம்மா.

மாமா வெடித்தார். இதற்கு ஒரு புனலைக் கட்டி வேப்பமரத்தில் மாட்டலாம் என்றார். இப்படிப்பட்ட ரிசீவருக்கு இந்தப் பெட்டியா, ஐயோ என்றார். "நான் கேசட்ட எடுத்துக்கினு ஊருக்குப் போறேன், நீங்களே வாங்கிக்கங்க"ன்னு வாசல் வரை போய், யாரும் தடுக்காததால் திரும்பி வந்தார். நானும் மாமா கட்சிதான். உயரமான பெட்டியை வாங்கும்படி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அப்பா, "இரு, கேட்டுக்கினு வரேன்" என்று சரக்கு அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நானும் எட்டிப் பார்த்தேன். அம்மா அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் ஒருக்களித்துப் படுத்த மாதிரி சாய்ந்து, சுவரில் காதை வைத்திருந்தாள். கட்டிலில் படுத்திருப்பவர் உயரத்துக்கு. அப்பாவைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். அப்பா அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே வந்து, "அவ சொன்னதயே குடுங்க பாய்" என்றார்.

மாமா அன்று எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்றார். இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் சாப்பிட்டார்.

பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது பாய் ஒரு எச்சரிக்கை சொன்னார். சத்தத்தைப் பாதிக்கு மேல் திருப்பக் கூடாது. காகிதக் கோன், கிழிந்துவிடும். அம்மாவும் வீட்டில் ஒரு விதி வைத்தாள். பெட்டிகள் இரண்டும் நடுச்சுவரை ஒட்டிய பெஞ்சில்தான் இருக்க வேண்டும். எதிர்ச்சுவரில் வைத்தால் கேட்க நன்றாக இருக்கும் என்று மாமா படம் போட்டே காட்டினார். பிளக் இங்கேதான் இருக்கிறது என்று அம்மா சொல்லிவிட்டாள். பிளக் இரண்டு பக்கமும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாடகம் போட்டோம். குமிழ் சரியாகப் பாதியில். அம்மா சமையலை முன்கூட்டியே முடித்துவிட்டுச் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். நாடகத்தில் மாமியார் பேசும்போதெல்லாம், ரேடியோவுக்குப் பதில் சொல்வதுபோல் வழக்கத்தைவிட உரக்க, "பாரேன் இவள!" என்றாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட்டில்கூட முனகவில்லை. நாடகம் முடிந்து விளம்பரம் வந்த பிறகும் அம்மா அணைக்காமல் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

மறுநாள் பள்ளிக்குப் போகும்போது, தெருவின் அந்த ஓரத்திலிருந்து அக்கா குறுக்கே வந்தாள். சுவர் எழுந்த பிறகு அவள் என்னோடு பேசுவது அதுதான் முதல் தடவை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஏய், எங்கம்மா சொல்லச் சொன்னாங்க. அந்தப் பொட்டிய இன்னும் கொஞ்சம் சத்தமா வெக்கணுமாம்" என்றாள்.

எனக்குக் காது சிவந்துவிட்டது. எங்கள் தெருவில் அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான். யாராவது ரேடியோவை அலற விட்டால் எதிர் வீட்டுக்காரம்மா வாசலில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்களேன், மலைக்கே கேக்கட்டும்" என்பார். அடுத்த நிமிஷம் சண்டை. அக்கா இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். நான் நிற்கவில்லை. "போய் ஒங்கம்மாவ காத மூடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அம்மாவிடம் சொன்னால் அழுது முடித்துவிடுவாள், அப்பாவிடம் சொன்னால்தான் ஏதாவது நடக்கும் என்பது என் எண்ணம். "பெரியம்மா நம்மள கிண்டல் பண்றாங்கப்பா. ஸ்பீக்கர இன்னும் சத்தமா வெக்கணுமாம்." பெரியம்மா எப்படிச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றிய குரலிலேயே, உதட்டைச் சுழித்துக்கொண்டு சொல்லிக் காட்டினேன்.

அம்மாவின் கையில் கரண்டி நின்றுவிட்டது. "இன்னா சொன்னாங்க? மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னேன், இன்னும் கொஞ்சம் சுழித்து.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் பொங்கியது. நீயும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறாயே என்பதுபோல் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தட்டில் இருந்ததை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். கூடத்துக்குப் போய் ரிசீவரின் முன் நின்று, சத்தக் குமிழின் மேல் விரலை வைத்தார். திருப்பவில்லை, பாய் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு குனிந்து முதல் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். அப்படியே அடுத்ததையும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ளங்கையை விட்டுப் பார்த்து, இன்னும் நெருக்கித் தள்ளினார். ஒயர் இரண்டும் எங்களைப் பார்த்துக்கொண்டு தொங்கின.

அம்மா அப்பாவின் தம்ளரில் மறுபடியும் மோர் ஊற்றினாள், அவர் கேட்காமலே.

எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை. வாய்ச்சண்டை போடாமல், ஸ்பீக்கரை வைத்தே அவர்களைத் தூங்கவிடாமல் அடிக்கப் போகிறார் அப்பா. மறுநாள் பள்ளியில் என் பெஞ்சில் இருந்தவர்களிடம், எங்கப்பா ஸ்பீக்கரை எடுத்து அவங்க மூஞ்சிக்கு நேரா வெச்சுட்டாரு என்று சொன்னேன். அவர்களுக்கும் அது பிடித்திருந்தது. தெருவில் அக்காவைப் பார்த்தபோது தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேண்டுமென்றே சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கோபம் ஆறியிருந்தது. பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார். கூடத்துக்குள் நுழைந்தவர் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"இன்னா மாமா இது? ஸ்பீக்கருக்கு தண்டன குடுத்து நிக்க வெச்சிருக்கீங்களா?"

"இருக்கட்டும் மச்சான்."

"பின்பக்கமா கேட்டா ஒண்ணும் கேக்காது மாமா. சொன்னா கேளுங்க."

"எனக்கு இப்டித்தான் புடிச்சிருக்கு" என்றார் அப்பா.

மாமா என்னைப் பார்த்தார். நான் அவருக்கு ரகசியமாக விஷயத்தை விளக்கினேன்: அவங்க கிண்டல் பண்ணாங்க, அதான். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கடலையை முறத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். மாமா கடலை உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

நாடக நேரம் வந்தது. மாமா சொன்னது உண்மைதான். எங்கள் பக்கம் குரல்கள் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தன. யாரோ பேசுகிறார்கள் என்று தெரிந்தது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. நான் பெட்டியின் பின்பக்கப் பலகையில் காதை வைத்துப் பார்த்தேன். அப்போதும் பாதிதான். அம்மாவின் முகம் கதை தெரிந்த மாதிரியே இருந்தது. ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருந்தது நாடகத்தை இல்லை. நடுவில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பலவீனமாக, ஆனால் தெளிவாக ஒரு குரல் வந்தது.

"அவன நம்பாதடி."

அம்மா முறத்தில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. மாமா அவசரமாக நிறையக் கடலை உரித்தார்.

அப்பாவுக்கு நாடகம் கேட்கிற பழக்கம் கிடையாது. அந்த நேரத்தில் தூங்குவார், இல்லையென்றால் வெளியே போவார். அன்று நாற்காலியைச் சுவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் செய்தித்தாள், விரித்த பக்கத்தைத் திருப்பவே இல்லை. நாடகத்தில் ஏதோ சிரிப்பான இடம் வந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. பெரியம்மா இல்லை, பெரியப்பா. கட்டிலின் பக்கத்தில் அவரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்போல. வயிற்றிலிருந்து கிளம்பி, நிறுத்த முடியாமல், நடுவில் இருமி, மறுபடியும் சிரிக்கிற சிரிப்பு.

அது அடங்குவதற்கு முன் எங்கள் பக்கத்தில் அப்பா சிரித்தார். செய்தித்தாள் மடியிலிருந்து சரிந்து விழுகிற அளவுக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தார்.

நல்ல வசனத்தைத் தவற விட்டுவிட்டேன் என்று எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. ஓடிப்போய் அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினேன்.

"இன்னாப்பா சொன்னாங்க? இன்னா சொன்னாங்க?"

"தெரியல பாப்பா" என்றார்.

பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். என்ன சொன்னார்கள் என்றே தெரியாத ஒன்றுக்கு ஒருவர் அப்படிச் சிரிக்க முடியும் என்பது அன்று எனக்குத் தெரியாது.